மகனைத் தண்டித்த தந்தையர்

திரைப்படம் பார்த்துவிட்டு வெளியே வருவோரின் பேச்சு இக்காலத்தில் பெரும்பாலும் இரண்டு செய்திகளைச் சுற்றியே நிகழ்கிறது. கதாநாயகன் முதன்முதல் தோன்றிய காட்சி எப்படி என்பது ஒன்று. முதல் வாரத்தில் படம் எத்தனை கோடி ஈட்டிற்று என்பது மற்றொன்று. கதையில் யார் அழுதார், எதற்காக அழுதார் என்று கேட்பார் அரியர். அந்தப் பழைய கேள்வியை அண்மைப் படங்களை நோக்கிக் கேட்டால் எதிர்பாராத ஒன்று புலனாகும். 2022 முதல் 2024 வரை வெளிவந்து பெருங்கூட்டத்தை ஈர்த்த தமிழ்ப் படங்களுட் பல, மேற்பார்வைக்குத் துப்பாக்கியும் இரத்தமுமாகத் தோன்றினும், உள்ளே தந்தையும் மக்களும் பற்றிய கதைகளே.

லோகேஷ் கனகராஜ் இயக்கிய ‘விக்ரம்’ (2022), கொலையுண்ட மகனுக்காகப் பழிவாங்கப் புறப்படும் முதியவர் ஒருவரின் கதை. அவரே இயக்கிய ‘லியோ’ (2023), தான் யார் என்பதை மனைவி மக்களிடமே மறைத்து வாழும் ஒரு தந்தையின் கதை. நெல்சன் இயக்கிய ‘ஜெயிலர்’ (2023), காணாமற்போன மகனைத் தேடும் ஓய்வுபெற்ற சிறை அதிகாரியின் கதை. வெங்கட் பிரபு இயக்கி 2024 செப்டம்பரில் வெளிவந்த ‘தி கிரேட்டஸ்ட் ஆஃப் ஆல் டைம்’, பகைவனால் வளர்க்கப்பட்டுத் தந்தைக்கே எமனாகத் திரும்பி வரும் மகனின் கதை. இவற்றுள் பின்னைய இரண்டும் ஒரே இடத்தில் சென்று முடிகின்றன. மகன் குற்றவாளி என்று தந்தை அறிகிறான்; மகன் சாகிறான்.

இப்படிக் கதைகள் திரண்டதற்கு ஓர் எளிய காரணம் உண்டு. நாயகர்களுக்கு வயதாகிவிட்டது. ‘விக்ரம்’ வெளிவந்தபோது கமல்ஹாசனுக்கு 67 வயது. ‘ஜெயிலர்’ வெளிவந்தபோது ரஜினிகாந்துக்கு 72. பேரனைத் தோளில் தூக்கிக்கொண்டே துப்பாக்கியையும் தூக்கவேண்டிய நிலை அவர்களுக்கு ஏற்பட்டது. இதனை எள்ளி நகைக்க வேண்டியதில்லை. கல்லூரி மாணவனாக வேடமிட்டு மரத்தைச் சுற்றி ஓடுவதினும் இது எத்துணையோ மேல். மூத்த நடிகர் மூத்தவராகவே தோன்றும்போது பெரிய கதைகள் திரைக்குள் நுழைய வழி பிறக்கிறது. அவ்வாறு நுழைந்த கதையைப் படங்கள் எப்படி நடத்தின என்பதே ஆராயத்தக்கது.

மகனைத் தண்டிக்கும் தந்தை தமிழர்க்குப் புதியவன் அல்லன். திருவாரூரில் தன் மகனுடைய தேர்க்காலில் ஆன்கன்று ஒன்று மடிந்ததற்காக அம்மகனையே தேர்க்காலில் இட்ட சோழனைப் பற்றித் தொடக்கப்பள்ளிப் பிள்ளையும் அறியும். ஆனால் பெரியபுராணத்தில் சேக்கிழார் அதனைச் சொல்லியிருக்கும் முறையில் ஒரு நுட்பம் உண்டு. மன்னன் முதலில் அமைச்சனை ஏவுகிறான். அமைச்சனோ அச்செயலைச் செய்ய மாட்டாமல் தன்னுயிரை மாய்த்துக் கொள்கிறான். அதன் பிறகே மன்னன் தானே தேரைச் செலுத்துகிறான். பிறன் கையால் முடிக்கக் கூடிய செயல் இது அன்று என்பதை அந்த அமைச்சனின் சாவு காட்டிவிடுகிறது. நீதி என்னும் சொல்லுக்கு அங்கே எடை கூடுகிறது.

கம்பரிடத்தில் இன்னொரு சான்று. இந்திரசித்து அறத்தின் பக்கம் நின்றவன் அல்லன். அவன் தந்தையும் அல்லன். ஆயினும் அவன் இறந்தவுடன் அடுத்த போருக்குக் கம்பர் விரைந்துவிடவில்லை. ‘இராவணன் சோகப் படலம்’ என்று ஒரு படலத்தையே ஒதுக்கி, போர்க்களத்தில் மகனுடைய தலையில்லா உடலைத் தேடிக் கண்டு அரற்றும் தந்தையைப் படைத்தார். மண்டோதரிக்கும் அழுவதற்கு இடம் தந்தார். தீயவனுக்கும் மகன் மகனே என்பது கம்பர் கொண்ட கருத்து. அப்படலம் இல்லாதிருப்பின், பின்னர் வரும் இராவணன் வதம் வெறும் அரக்கன் கொலையாகவே முடிந்திருக்கும்.

திரையுலகிலும் இதற்கு முன்னோடி உண்டு. மகேந்திரன் எழுதிய நாடகம் ஒன்று 1974-ஆம் ஆண்டில் பி. மாதவன் இயக்கத்தில் ‘தங்கப்பதக்கம்’ என்னும் படமாயிற்று. காவல்துறை அதிகாரி சௌத்ரியாகச் சிவாஜி கணேசன் நடித்தார். சிறு வயதிலேயே தவறு செய்த மகனை அவர் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பிவிடுகிறார். வளர்ந்து திரும்பும் மகன் தந்தையின்பால் தீராப் பகையோடு வருகிறான். குற்றத்தின் மேல் குற்றமாக ஏறிச்சென்று, இறுதியில் நாட்டுக்கே இரண்டகம் செய்யத் துணிகிறான். தந்தை தம் கையாலேயே அவனைச் சுடுகிறார்.

மிகைநடிப்பு என்று அப்படத்தைக் குறைகூறுவோர் இன்று பலர். குறை இல்லாமலும் இல்லை. ஆனால் அப்படம் கேட்கும் கேள்வியைப் புறக்கணிக்க முடியாது. அச்சிறுவன் கெட்டது அவன் இயல்பினாலா, அல்லது தந்தையின் கண்டிப்பினாலா? கண்டிப்பு எந்த எல்லையில் முடிந்து கடுமை எந்த எல்லையில் தொடங்குகிறது? பிள்ளைகளை வளர்ப்போரும் கற்பிப்போரும் இரவில் படுத்தபின் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளும் கேள்வி அது. கே.ஆர். விஜயா நடித்த தாய் அக்கேள்வியின் இரு முனைகளுக்கும் நடுவே நின்று தேய்ந்து மடிகிறாள். மனைவியின் உடலுக்கு முன் அவ்வதிகாரி கலங்கும் காட்சியை, இறுதியில் பாயும் குண்டைக் காட்டிலும் மக்கள் நெடுங்காலம் நினைவில் வைத்திருந்தனர்.

இனி ‘ஜெயிலர்’. படத்தின் முதற்பகுதி உண்மையிலேயே நன்றாக அமைந்தது. முத்துவேல் பாண்டியன் என்னும் முன்னாள் சிறை அதிகாரி வீட்டில் பேரனுடைய காணொளி விளையாட்டுக்குத் துணையாக நிற்கிறார். கடைக்குப் போய் வருகிறார். யாரும் அவரைப் பெரிதாக மதிப்பதில்லை. காவல்துறையில் உதவி ஆணையராக உள்ள மகன் அர்ச்சுனன், சிலைக் கடத்தல் கும்பலை ஆராயப் போய்க் காணாமற் போகிறான். மகனுக்கு நேர்மையைக் கற்பித்ததே அவனுக்குக் கேடாயிற்றோ என்னும் குற்றவுணர்ச்சி தந்தையைத் தின்கிறது. அந்த அடக்கமான முகத்தில் ரஜினிகாந்த் காட்டிய சோர்வு, அவர் பல ஆண்டுகளாகத் திரையில் காட்டாத ஒன்று. சிகரெட்டைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கும் பழைய வித்தையை எதிர்பார்த்துச் சென்றவர்களும் அந்த அரைமணி நேரம் அமைதியாகப் பார்த்தனர்.

பின்னர்க் கதை திரும்புகிறது. மகன் உயிரோடிருக்கிறான். அதனினும் கொடியது, அவன் நேர்மையானவன் அல்லன். எந்தக் கும்பலை அழிக்கச் சென்றானோ அதே கும்பலோடு பங்கு பேசியவன். இங்கேதான் பெருங்கதை ஒன்று வாயிலில் வந்து நிற்கிறது. நேர்மையைக் கற்பித்ததால் மகனை இழந்தோம் என்று வருந்தியவனுக்கு, தான் கற்பித்த பாடம் மகனிடம் ஒட்டவே இல்லை என்னும் உண்மை தெரியவருகிறது. முதல் துயரத்தைவிட இரண்டாவது துயரம் ஆழமானது. இறந்த மகனை நினைத்துப் பெருமைப்படவாவது முடியும்.

ஆனால் இத்திருப்பம் வருவது படத்தின் கடைசிச் சில நிமிடங்களில். அதற்கு முன் மணிக்கணக்கில் என்ன நடந்தது? ஆந்திரத்துக் கோயில் மகுடம் ஒன்றைத் திருடும் நகைச்சுவைக் கிளைக்கதை. மோகன்லால், சிவராஜ்குமார், ஜாக்கி ஷெராப் ஆகியோர் ஒருவர் பின் ஒருவராக வந்து கைதட்டல் பெற்றுச் செல்லும் காட்சிகள். கல்யாண வீட்டில் மொய் எழுதும் முறையை இது நினைவூட்டுகிறது. வந்தவர் யாவரும் பெரியவரே, எனினும் மணமக்களைப் பார்க்கத்தான் நேரமில்லை. எஞ்சிய சில நிமிடங்களில் தந்தை மகனிடம் சரணடையச் சொல்கிறார். அவன் மறுத்துத் துப்பாக்கியை நீட்டுகிறான். மறைந்து நிற்கும் நண்பர்களின் ஆட்கள் அவனைச் சுட்டு வீழ்த்துகிறார்கள்.

சுட்டது தந்தையின் கை அன்று. திரைக்கதை ஆசிரியர் தெரிந்து செய்தாரோ தெரியாமல் செய்தாரோ, சேக்கிழாரின் அமைச்சன் மறுத்த வேலை இங்கே கூலியாட்களால் எளிதாக முடிக்கப்பட்டுவிடுகிறது. கதாநாயகனின் கை கறைபடாமற் காக்கப்பட்டது; கூடவே கதையின் கனமும் போயிற்று. ‘தங்கப்பதக்கம்’ கேட்ட கேள்வியை ‘ஜெயிலர்’ கேட்கவே இல்லை. இந்தத் தந்தைக்கு இந்த மகன் எப்படிப் பிறந்தான்? எந்த வயதில், எந்த நாளில் அவன் கோணினான்? ரம்யா கிருஷ்ணன் போன்ற ஆற்றல் மிக்க நடிகையைத் தாயாக வைத்துக்கொண்டு, இரண்டாம் முறையாக மகனை இழந்த அத்தாய்க்கு அழுவதற்கு இடம் தராமல் விட்டது படத்தின் பெருங்குறை. மண்டோதரிக்கு இருந்த பேறு அவளுக்கு இல்லை.

பொழுதுபோக்கிற்காகப் பணம் கொடுத்துப் போகும் இடத்தில் அழுகை எதற்கு என்று சிலர் கேட்பர். 1974-இல் ‘தங்கப்பதக்கம்’ பார்த்தவர்களும் பொழுதுபோக்கிற்காகப் பணம் கொடுத்தே போனார்கள். அப்படம் பெருவெற்றியும் பெற்றது. எனவே குறை பார்ப்போரின் சுவையில் இல்லை. படம் எடுப்போர் அவர்கள்மீது வைத்துள்ள நம்பிக்கையின்மையில் இருக்கிறது.

வெங்கட் பிரபுவின் படம் இன்னும் வியப்பான வாய்ப்பைப் பெற்றிருந்தது. அதில் தந்தையாகவும் மகனாகவும் நடித்தவர் ஒருவரே. கணிப்பொறியின் உதவியால் விஜய் இளைஞராக்கப்பட்டு, தம்மையே எதிர்த்து நிற்கிறார். உளவுப் பணி ஒன்றை மறைத்து, விடுமுறைப் பயணம் என்று சொல்லிக் குடும்பத்தைத் தாய்லாந்துக்கு அழைத்துச் சென்றவன் தந்தை. அங்கேதான் சிறுவன் காணாமற் போகிறான். ஆகவே மகன் பகைவன் கையில் வளர்ந்ததற்கு வேர், தந்தை சொன்ன ஒரு சிறு பொய். இதனைவிட நல்ல விதை எந்த நாடக ஆசிரியனுக்குக் கிடைக்கும்? ஆனால் அந்தப் பொய் பிறகு எங்கும் விசாரிக்கப்படவில்லை. சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானத்தில் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும் வேளையில் தந்தை கையால் மகன் மடிகிறான். கீழே கூட்டம் ஆரவாரிக்கிறது. அந்த ஆரவாரம் ஆட்டத்துக்கானது என்பது கதை. ஆயினும் மகனுடைய சாவுக்கும் அதுவே பின்னணி இசையாகிவிட்டது. இதன்மேல், மனிதனை நகலெடுக்கும் விஞ்ஞானம் ஒன்றைக் கடைசியில் காட்டி, அடுத்த படத்திற்கும் வழி வைத்திருக்கிறார்கள். நகல் எடுக்கக்கூடிய மகனுக்காக யார்தான் அழுவார்?

‘விக்ரம்’ இவற்றினும் ஒழுங்காகக் கட்டப்பட்ட படம் என்பதில் ஐயமில்லை. முதற்பாதியில் இறந்துபோனவராகக் கருதப்படும் முதியவரைப் பற்றிப் பிறர் வாய்ச்சொல்லாலேயே நமக்கு அறிமுகம் செய்யும் உத்தி பாராட்டத்தக்கது. அதில் ஒரு குழந்தை வருகிறது. கொல்லப்பட்ட மகன் விட்டுச்சென்ற பேரக்குழந்தை அது. அதற்கு இருதய நோய், பெருஞ்சத்தம் ஆகாது. சண்டைக்கு நடுவிலும் குழந்தைக்குப் பால் வேண்டும் என்று தவிக்கும் தாத்தா நெஞ்சைத் தொடுகிறார். ஆனால் சத்தம் ஆகாத அக்குழந்தையை வைத்துக்கொண்டு இறுதியில் பீரங்கி அளவுத் துப்பாக்கியை முழங்க விட்டிருக்கிறார்கள். அரங்கின் ஒலிபெருக்கிகள் அதிர்கின்றன. குழந்தையின்பால் படத்துக்கு இருந்த அன்பு எவ்வளவு என்பதற்கு வேறு அளவுகோல் வேண்டியதில்லை.

இதே கமல்ஹாசன் முப்பது ஆண்டுகளுக்கு முன், 1992-இல், ‘தேவர் மகன்’ படத்தை எழுதி அதில் மகனாக நடித்தார், தந்தை சிவாஜி கணேசன், இயக்கம் பரதன். வெளிநாட்டில் படித்து வந்த மகனும் ஊரைக் கட்டிக்காக்கும் தந்தையும் மழைக்காலத்தில் வீட்டிற்குள் அமர்ந்து பேசுகிறார்கள். வேறொன்றும் நிகழவில்லை. தந்தை தோற்கவும் இல்லை. மகன் வெல்லவும் இல்லை. ஆயினும் அப்பேச்சு முடிந்தபோது மகனின் வாழ்வு மாறிவிட்டது. அப்படத்தின் இறுதியில் நாயகன் தன் கையால் ஒரு கொலை நிகழ்ந்தமைக்காகக் காவலருடன் புறப்படுகிறான். போகும்போது ஊராரிடம் அரிவாளை விட்டுவிட்டுப் பிள்ளைகளைப் படிக்க வைக்கும்படி வேண்டுகிறான். அம்மகன் தாத்தாவாகி ‘விக்ரம்’ படத்தில் வந்தபோது பேச்சு குறைந்து கருவிகள் மிகுந்துவிட்டன.

‘லியோ’ பற்றி ஒன்று மட்டும் சொல்லலாம். டேவிட் குரோனன்பெர்க் 2005-இல் இயக்கிய ‘எ ஹிஸ்டரி ஆஃப் வயலன்ஸ்’ என்னும் படத்தின் கருவைக் கொண்டது அது. மூலத்தின் முடிவில், பழைய கொலைகாரன் என்று அம்பலமாகிவிட்ட தந்தை வீடு திரும்புகிறான். குடும்பம் உணவு மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கிறது. ஒருவரும் பேசவில்லை. சிறுமி எழுந்து அவனுக்கு ஒரு தட்டு எடுத்து வைக்கிறாள். மகன் உணவை நகர்த்துகிறான். அவ்வளவே. தமிழ்ப் படத்தின் முடிவிலோ, நாயகனுக்குத் தொலைபேசி மணி அடிக்கிறது. பேசுபவர் ‘விக்ரம்’ படத்து நாயகர். அடுத்த படத்திற்கு அழைப்பு வந்துவிட்டது. தட்டு வைக்க வீட்டில் யாரும் எழுந்திருக்க வேண்டிய தேவை இல்லாமற் போயிற்று.

எல்லாப் படங்களையும் ஒரே தராசில் இடுவது முறையாகாது. மணிரத்தினம் இரு பாகமாக (2022, 2023) எடுத்த ‘பொன்னியின் செல்வன்’ கல்கியின் கதையைப் பெரிதும் சுருக்கிவிட்டது என்று நாவலைப் பலமுறை படித்தோர் வருந்துவது நியாயமே. 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் காத்திருந்து படித்த ஐந்து பாகக் கதையை ஐந்தரை மணி நேரத்தில் அடக்கினால் நதி வாய்க்காலாவது இயல்பு. எனினும் அதில் ஆதித்த கரிகாலன் பேசுகிறான். தான் ஏன் குடிக்கிறான், ஏன் போர் தேடி அலைகிறான் என்பதைத் தன் வாயாலேயே சொல்கிறான். ஜெயமோகன் எழுதிய அவ்வுரையாடலை விக்ரம் உரைக்கும்போது அரங்கம் அடங்குகிறது. அவன் கடம்பூர் மாளிகையில் மாண்ட பிறகு அச்சாவு கதையை விட்டு அகல்வதில்லை. தம்பியின் முடியிலும் அதன் நிழல் விழுகிறது. மகன் இறந்தால் அரண்மனை முழுதும் இருளும் என்பதை அறிந்த படம் அது.

இவை யாவற்றிற்கும் முன்னதாக, 2016-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் வெளிவந்த ‘கபாலி’யை இவ்விடத்தில் எண்ணாதிருக்க முடியாது. பா. இரஞ்சித் இயக்கிய அப்படத்தின் களம் மலேசியா. தோட்டப்புறத்தில் தோன்றிய ஒருவன் குண்டர் கும்பல் தலைவனாகி, இருபத்தைந்தாண்டுச் சிறைக்குப் பின் வெளியே வரும் கதை. வெளிவந்தபோது மலேசியத் தமிழருள் பலர் முகம் சுளித்தனர். இந்நாட்டுத் தமிழன் என்றால் கும்பல்காரனா என்று கேட்டவர் உண்டு. பேச்சு வழக்கு பொருந்தவில்லை என்றவரும் உண்டு. இரண்டும் பொருட்படுத்தத் தக்க குறைகளே. கும்பல் சண்டைகள் அலுப்பூட்டும் அளவுக்கு நீண்டன என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆனால் தந்தை, மகன் என்னும் பொருளில் அப்படம் பின்வந்தவற்றைவிடத் துணிவுடையது. சிறையில் கபாலி முதன்முதல் தோன்றும்போது அவன் கையில் இருப்பது ஒய்.பி. சத்தியநாராயணா எழுதிய ‘மை ஃபாதர் பாலையா’ என்னும் நூல்; ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்த ஒரு தந்தை தன் மக்களைக் கல்வியால் உயர்த்திய வரலாறு. நூலைப் பிடித்த கையோடு நாயகனை அறிமுகம் செய்த பெரும்படங்கள் எத்தனை என்று எண்ணிப் பார்க்கலாம். வெளியே வந்தபின் அவன் கால் வைக்கும் முக்கிய இடங்களுள் ஒன்று, வழிதவறிய இளைஞர்களுக்காக நடத்தப்படும் ஒரு பள்ளி. அங்கே பிள்ளைகளோடு அவன் உரையாடும் காட்சியில் இசை முழக்கம் இல்லை. கேள்வி உண்டு, பதில் உண்டு, சிரிப்பு உண்டு. பதில் சொல்ல அஞ்சும் மாணவர்களை வகுப்பில் கண்டு பழகியவர்கள் அக்காட்சியின் அருமையை உணர்வர்.

அப்பள்ளியைச் சேர்ந்தவனே டைகர் என்னும் இளைஞன். படத்தின் முடிவில் காவல்துறை அவனைத் தன்பக்கம் இழுத்து ஏவிவிடுகிறது. மகிழ்ச்சியோடு நிற்கும் கபாலியை நோக்கி அவன் நடந்து வருகிறான். திரை இருண்டுவிடுகிறது. ஒரு வெடிச்சத்தம் மட்டும் கேட்கிறது. மற்றப் படங்களில் தந்தை மகனைக் கொன்றான். இங்கே, மகனாக எண்ணி வளர்க்கப்பட்டவன் தந்தையை நோக்கித் துப்பாக்கியோடு வருகிறான். அவனைக் கெடுத்தது எது என்னும் கேள்வி, பார்ப்போரோடு கூடவே எழுந்து வெளியே வருகிறது.

மலேசியத் திரையரங்குகளில் காட்டப்பட்ட படியில் அவ்விருளுக்குப் பின் ஒரு வரி எழுதப்பட்டிருந்தது. கபாலி காவல்துறையிடம் சரணடைந்துவிட்டான் என்பது அவ்வரியின் பொருள். டைகர் என்ன ஆனான் என்பது அதில் இல்லை.